டியூப் இல்லாத சக்கரம்

இக்காலத்துப் பிள்ளைகள் ‘எம்.டி.பி.’ என்று சுருக்கமாக அழைக்கும் மலை மிதிவண்டி, இன்று சிற்றூர்க் குடும்பங்களிலும் இடம்பெற்றுவிட்டது. அகன்ற டயர்களும், தடித்த சட்டமும், முன்புறத்தில் அதிர்ச்சி தாங்கியும் கொண்ட அவ்வண்டியை வாங்கிக் கொடுத்த பெற்றோர், சில மாதங்களுக்குள் மற்றொரு வேண்டுகோளையும் செவிமடுக்க நேரிடுகிறது. “டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் ஆக்கிவிடலாமா?” என்பதே அது. காரிலும் மோட்டார் சைக்கிளிலும் டியூப் இல்லாத டயர் நன்றாகத்தானே உழைக்கிறது, மிதிவண்டிக்கும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிப் பணத்தை எடுத்துக் கொடுக்கத் தோன்றும். ஆனால் காரில் உள்ளது வேறு, மிதிவண்டியில் உள்ளது வேறு. எங்கள் இல்லத்தில் இவ்வகைச் சக்கரங்கள் ஓடத் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. அவற்றின் நன்மையையும் இடரையும் நாங்கள் கண்டவாறே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் டியூப் வந்த வரலாற்றைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். 1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் குலுங்குவதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். ஒரு தந்தை தன் பிள்ளைக்காகச் செய்த அவ்வேற்பாடே உலகெங்கும் பரவியது. டயரினுள் டியூப், டியூபினுள் காற்று என்னும் முறை நூறாண்டுக்கு மேலாக மிதிவண்டியை ஆண்டது. இன்றும் பெரும்பாலான வண்டிகள் அம்முறையிலேயே ஓடுகின்றன. கார்களுக்கு டியூப் இல்லாத டயரை அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் 1947இல் அறிவித்தது. மிதிவண்டிக்கோ அதற்குப் பின்னும் ஐம்பதாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலை மிதிவண்டி தோன்றியது கலிபோர்னியாவில். அங்கு மரின் மாவட்டத்தில் உள்ள டமல்பாயஸ் மலையின் மண்பாதைகளில், 1970களில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளில் ஏறிக் கீழ்நோக்கி விரைந்தனர். 1976 அக்டோபரில் அவர்கள் நடத்தத் தொடங்கிய போட்டிக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்தின் பிரேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகுமாம். மறுமுறை இறங்குமுன் புதிய கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனால் வந்த பெயர் அது. அவ்விளைஞருள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் அதற்கெனவே ஒரு சட்டத்தை வடிவமைத்தார். இருபதாண்டு செல்லுமுன், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டி ஓட்டம் ஒரு போட்டியாகவே இடம்பெற்றுவிட்டது.

கல்லும் வேரும் நிறைந்த பாதையில் ஓட்டுவோர்க்கு ஓர் இக்கட்டு உண்டு. டயரில் காற்று மிகுந்திருந்தால் சக்கரம் கல்லின் மேல் துள்ளும், பிடிப்பு இராது, கையும் முதுகும் நோகும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லின் வடிவிற்கேற்ப அமுங்கி, தரையைப் பற்றிக்கொள்ளும். ஆனால் டியூப் உள்ள டயரில் காற்றை மிகவும் குறைத்தால், சக்கரம் கல்லில் மோதுங்கால் ரிம்மின் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு துளைகள் விழுந்துவிடும். பாம்பின் பல் பதிந்தாற்போல் தோன்றுவதால் இதற்குப் ‘பாம்புக் கடி’ என்றே பெயர். ஆகவே டியூப் வைத்திருப்போர் சதுர அங்குலத்திற்கு 30 முதல் 35 பவுண்டு வரை காற்று வைக்க நேர்கிறது. டியூபே இல்லாவிடில் நசுங்குவதற்கும் ஒன்றில்லையன்றோ? ஓட்டுபவரின் எடைக்கும் டயரின் அகலத்திற்கும் ஏற்ப 20 முதல் 26 பவுண்டு அளவில் அச்சமின்றி ஓட்டலாம். டியூபை நீக்க வேண்டும் என்ற எண்ணத்திற்கு முதற்காரணம் இதுவே.

பிரான்ஸ் நாட்டின் மாவிக் நிறுவனம் 1999இல் இதற்கென ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதன் ரிம்மில் டயர் அமரும் பக்கத்தில் ஆரக்கம்பிகளுக்கான துளை இராது. டயரின் உட்புறமும் காற்றுப் புகாதவாறு தடித்திருக்கும். உறுதியானதுதான், ஆயின் கனமானது. பிற்பாடு வேறொரு வழி பெருவழக்காயிற்று. ரிம்மின் துளைகளைக் காற்றுப் புகா நாடாவால் மூடி, எடை குறைந்த டயரை மாட்டி, உள்ளே பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றுவது அவ்வழி. அதனைச் ‘சீலன்ட்’ என்பர். டயரின் நுண்துளைகளை அது அடைக்கும். முள் குத்தினால் காற்று வெளியேறும் வழியில் தானும் ஓடிச்சென்று உறைந்து துளையை மூடும். காரின் டயர் இத்திரவத்தின் துணையின்றியே காற்றைக் காக்கும். மிதிவண்டியின் மெல்லிய டயரோ பெரும்பாலும் இதனை நம்பியே வாழ்கிறது. வேறுபாடு அனைத்தும் இதிலிருந்தே பிறக்கிறது.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திற்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்களின் ஓரத்தில் உள்ளது. வீட்டிலிருந்து பேருந்து நிற்கும் இடத்திற்கு ஐந்து கிலோமீட்டர். அதில் மூன்று கிலோமீட்டர் தோட்டத்தினூடே செல்லும் செம்மண் பாதை. மழைக்காலத்தில் மண் அரித்துக் கூர்ங்கற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் மூத்த மகன் தன் முதல் சம்பாத்தியத்தில் ஒரு மலை மிதிவண்டி வாங்கினான். விடுமுறை நாட்களில் தோட்டத்துப் பாதைகளிலும், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் கருவேலங்காட்டு வழிகளிலும் நண்பருடன் சுற்றி வருவான். ஆரம்பத்தில் வாரம் தவறாமல் பஞ்சர். ஆரல்வாய்மொழிக்குச் சென்று திரும்பிய ஒரு நாளில் மட்டும் மூன்று முறை டியூபை ஒட்ட நேர்ந்ததாகச் சொன்னான். பின்னர் நகரத்துக் கடையில் கொடுத்து இரு சக்கரங்களையும் டியூப்லெஸ் ஆக்கி வந்தான். அவனுடைய ரிம்மும் டயரும் அதற்கென்றே செய்யப்பட்டவை. சாதாரண ரிம்மிலும் டயரிலும் இதனைச் செய்ய முற்படக்கூடாது. டயரின் விளிம்பு ரிம்மை இறுகப் பற்றாமல் ஓட்டத்திலேயே கழன்றுவிடக்கூடும்.

அதன்பின் ஏறத்தாழ எட்டு மாதங்கள் பஞ்சர் என்ற சொல்லே வீட்டில் எழவில்லை. டயரில் முள் குத்தியிருக்கும், அதனைச் சுற்றி ஈரமாய் ஒரு வெண்புள்ளி தோன்றியிருக்கும், அவ்வளவே. கல்பாதையில் கை மரத்துப்போவது குறைந்தது என்றான். ஈரமான வேர்களின் மேல் வழுக்குவதும் குறைந்ததாம். எடையும் வெகுவாகக் குறைந்துவிடும் என்று சிலர் கூறுவதில் மட்டும் மிகையுண்டு. பெரிய சக்கரத்தின் டியூப் ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். அதனை எடுத்துவிட்டு 100 கிராம் அளவிற்குச் சீலன்ட் ஊற்றுகிறோம். மிச்சம் சொற்பமே.

எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரருக்கு இப்புதுமை முதலில் பிடிக்கவில்லை. முப்பதாண்டுகளாய் அவ்வூரின் டியூபையெல்லாம் ஒட்டியவர் அவர். கடை தொடங்குமுன் இளமையில் ரப்பர்ப் பால் வெட்டும் தொழில் செய்தவர். மகன் ஒருநாள் சீலன்ட் குப்பியைத் திறந்து காட்டியபோது, முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். “இது நம்ம பால்தானே, தம்பி! உறையாமலிருக்க அமோனியா சேர்த்திருக்கிறார்கள்,” என்றார். அவர் கூறியது சரியே. சீலன்ட் வகைகளுள் பல, இயற்கை ரப்பர்ப் பாலைக் கொண்டே செய்யப்படுகின்றன. தோட்டத்துப் பாலைத் தொலைவுக்கு அனுப்பும்போது உறையாமலிருக்க அமோனியா சேர்ப்பதை எங்கள் ஊரில் அறியாதார் இல்லை. “வெட்டின மரத்துக்கு யார் கட்டுப் போடுகிறார்கள்? பட்டையில் கடைசியாக வடிகிற பால் தானே ஒட்டுப்பாலாக உறைந்து வாயை மூடிவிடுகிறது. இந்த டயரும் அதைத்தான் செய்கிறது,” என்று அவர் விளக்கியது, குப்பியோடு வந்த அச்சுத்தாளைக் காட்டிலும் எங்களுக்குத் தெளிவாய் இருந்தது. கூடவே அவர் மற்றொன்றும் சொன்னார்: “ஆனால் மரத்தில் பால் ஊறிக்கொண்டே இருக்கும், டயரில் ஊறாது. நாம்தான் ஊற்ற வேண்டும்.”

அச்சொல்லின் பொருள் விளங்கும் காலம் விரைவில் வந்தது. மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மிதிவண்டி தாழ்வாரத்தில் நான்கு மாதம் நின்றது. அவ்வாண்டு எங்கள் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். காலை ஏழேகால் பேருந்தைப் பிடிக்க வேண்டும். தோட்டத்துப் பாதையில் அண்ணனின் வண்டியையே எடுத்துச் செல்வது என முடிவாயிற்று. எடுத்துப் பார்த்தால் இரண்டு டயர்களும் அடியோடு தளர்ந்து, ஒன்று ரிம்மை விட்டே விலகியிருந்தது. உள்ளே ஊற்றியிருந்த பால் வற்றி, ரப்பர்த் தோலாகச் சுருண்டு கிடந்தது. கோடையின் வெப்பத்தில் அது விரைவில் வற்றுவது இயல்பே. கையால் அடிக்கும் பம்பைக் கொண்டு எவ்வளவு அடித்தும் பயனில்லை. ஒருபுறம் அடிக்க மறுபுறம் காற்று போய்க்கொண்டிருந்தது.

எங்கள் இல்லத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. தாயின் எண்ணம், டியூபையே மீண்டும் போட்டுவிட வேண்டும் என்பது. “பஞ்சரானால் ஊர்க் கடையில் ஒட்டலாம், அவசரமென்றால் யாரும் ஒட்டிக் கொடுப்பார்கள். இந்தப் பால் வித்தை யாருக்குத் தெரியும்? அந்தி நேரத்தில் பெண்பிள்ளை தோட்டத்துக்குள்ளே வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்பதா?” என்று கேட்டாள். தொலைபேசியில் மகனோ, “அந்தப் பாதையில் டியூப் போட்டால்தான் அவள் நிற்க வேண்டி வரும், அடிக்கடி வரும்,” என்று வாதித்தான். இருவர் வாதமும் ஒரே கவலையினின்று எழுந்தது. இரண்டிலும் உண்மை இருந்தது. அரிதாய் வரும் பெரிய இடரா, அடிக்கடி வரும் சிறிய இடரா என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி. கடைசியில் மகளைக் கேட்டோம். “எதைப் போட்டாலும் சரி, அதைக் கழற்றி மாட்ட எனக்குத் தெரிய வேண்டும்,” என்றாள்.

கடைக்காரரிடமே சென்றோம். அவரிடம் கம்ப்ரசர் இல்லை. சாலையோரத்து லாரி பஞ்சர் கடையில் உண்டு. ஆயின் அதன் வாய் மோட்டார் வண்டியின் தடித்த வால்வுக்கானது. மலை மிதிவண்டியின் வால்வோ மெல்லியது, நீண்டது. இரண்டையும் இணைக்கச் சிறு பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டியிருந்தது. விரற்கடை அளவுள்ள அப்பொருள் இல்லாமையால் இரண்டு நாள் வீணாயிற்று. அது வந்தபின் மகள் தன் கையாலேயே வேலையைச் செய்தாள். பழைய தோலை உரித்தெடுத்து, ரிம் நாடா கிழியாதிருப்பதை உறுதி செய்துகொண்டு, டயரின் விளிம்பில் சோப்பு நீர் தடவினாள். வால்வின் உள்முனையைக் கழற்றிக் காற்றை ஒரே வீச்சில் செலுத்தியதும், ‘டப், டப்’ என்ற ஓசையுடன் டயர் ரிம்மில் அமர்ந்தது. டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள அளவுக்கு மேல் காற்றுச் செலுத்தலாகாது என்பதைக் கடைக்காரர் நினைவூட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வால்வின் வழியே புதிய பாலை ஊற்றி, முனையை மாட்டிக் காற்றடித்து, எல்லாப் பக்கமும் பரவுமாறு சக்கரத்தை உலுக்கிச் சுழற்றினாள். கழற்றுவதும், அவசரத்திற்கு டியூப் போடுவதும் இரண்டு மாலைகளில் பழகினாள். அன்று முதல் சுவரிலுள்ள நாட்காட்டியில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ‘பால்’ என்று குறித்து வைக்கிறாள். வீட்டிற்கு வரும் விருந்தினர் அதனைப் பால்காரர் கணக்கு என்றே எண்ணுகின்றனர்!

முதலாண்டின் மார்கழியில், தாய் அஞ்சிய அந்த மாலையும் வந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்த வேளை. பேருந்தை விட்டிறங்கித் தோட்டத்துப் பாதையில் வருகையில், கூர்ங்கல் ஒன்று பின்டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. பால் பீறிட்டது, ஆனால் அடைபடவில்லை. சீலன்ட் அடைப்பது ஐந்தாறு மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளைகளையே. அதிலும் மெல்லிய பக்கவாட்டில் விழும் கிழிசலை அடைப்பது அரிது. மகள் பையிலிருந்த கருவிகளை எடுத்தாள். டயரின் ஒருபுறத்தை விடுவித்து, டியூப்லெஸ் வால்வைக் கழற்றினாள். அடுத்து அவள் செய்ததுதான் முக்கியமானது. டயரின் உட்புறம் முழுவதும் துணியால் மெல்லத் தடவி, பல மாதங்களாகப் பதிந்திருந்த முட்களைத் தேடினாள். ஏழு முட்கள் இருந்தன. பால் அவற்றையெல்லாம் அடைத்து மறைத்திருந்தது. ஒன்றை எடுக்காமல் விட்டிருந்தாலும் புதிய டியூப் சில அடி தூரத்திலேயே துளைபட்டிருக்கும். கிழிசலின் உட்புறத்தில், கடைக்காரர் தந்திருந்த பழைய டயர்த் துண்டொன்றை வைத்து, டியூபைப் போட்டுக் கைப்பம்பால் காற்றடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நன்றாக இருட்டுமுன் வாசலில் மணியோசை கேட்டது. இரு கையும் பாலும் சேறுமாய் நின்றவளைத் தாய் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் எடுத்து வைத்தாள். மறுநாள் முதல் “டியூப் போட்டுவிடு” என்ற பேச்சு நின்றது. ஆனால் “மாற்று டியூப் எடுத்தாயா?” என்ற கேள்வி காலைதோறும் தொடர்கிறது.

எங்கள் அனுபவத்தைக் கொண்டு குறைகளையும் தொகுத்துரைப்பது கடமை. செலவு கூடும், தக்க ரிம், தக்க டயர், நாடா, வால்வு, சீலன்ட் ஆகியவற்றிற்கு ஆகும் தொகை சில டியூபுகளின் விலையைக் காட்டிலும் மிக அதிகம். பால் வற்ற வற்ற நிரப்பும் செலவும் தொடரும். டயர் மாற்றும் நாளில் தரையும் ஆடையும் அழுக்காகும். காய்ந்த பால் துணியை விட்டுப் போகாது. காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால், வேகமாய்த் திரும்புகையில் டயரின் விளிம்பு கணநேரம் விலகிக் காற்றை வெளியேற்றிவிடும். அது விழுவதற்கும் காரணமாகலாம். ரிம்மும் கல்லில் அடிபட்டு நெளியும். அவசரத்திற்குச் சிறு உருளைகளில் அடைத்த கரியமில வாயுவைப் பயன்படுத்துவோர் உளர். அது சில வகைப் பாலைத் திரளச் செய்துவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, இச்சக்கரம் தன் காயங்களைக் காட்டுவதில்லை. டியூப் உள்ள வண்டி முள் குத்திய அன்றே நின்றுவிடும், நாமும் கவனிப்போம். இதுவோ ஏழு முட்களைச் சுமந்துகொண்டு ஒன்றும் நேராததுபோல் ஓடும். பால் உள்ளவரையே அந்த ஓட்டம். வற்றிய செய்தியை அது முன்கூட்டி அறிவிக்காது.

ஆதலால், பெற்றோர் தம் பிள்ளையின் வழியையும் வழக்கத்தையும் பார்த்தே முடிவு செய்வது நன்று. கல்லும் முள்ளும் உள்ள பாதையில் வாரந்தோறும் ஓட்டுபவர், சக்கரத்தைக் கழற்றி மாட்டக் கற்றவர், மாதக்கணக்கை மறவாதவர் எனில், டியூப் இல்லாத டயர் அவர்க்குப் பெருந்துணை. தார்ச்சாலையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும், எப்போதேனும் எடுத்து ஓட்டிவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்க்கும் டியூபே போதும். ஒட்டுத் துண்டும் சொலூஷனும் ஊர்தோறும் கிடைக்கும். எங்கள் வீட்டிலேயே இரண்டும் உள்ளன. இளையவன் பள்ளிக்குச் செல்லும் வண்டியில் டியூப்தான் இருக்கிறது. அதனை ஒட்டுவதற்கு அவனும் பழகிவிட்டான். டியூப்லெஸ் வண்டியை எடுத்துச் செல்வோரின் பையில் மாற்று டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, பழைய டயர்த் துண்டு ஒன்று ஆகியவை தவறாமல் இருக்கட்டும். தோளில் பையும் கையில் பயிற்சியும் இல்லாமல், பாலை மட்டும் நம்பி ஒருவரையும் காட்டுப்பாதைக்கு அனுப்ப வேண்டாம்.

கடைக்காரர் இப்போது அந்தப் பித்தளை அடாப்டர்கள் நான்கைத் தம் கடையில் வாங்கி வைத்திருக்கிறார். சிறு கம்ப்ரசர் ஒன்றையும் தவணையில் வாங்கியுள்ளார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மலை மிதிவண்டிக்காரர்கள் பாலை நிரப்ப அவரிடம் வருகின்றனர். பஞ்சர் வருமானம் குறையுமென்று அஞ்சியவர்க்குப் புதியதொரு வேலை கிடைத்திருக்கிறது. “அடுத்த தடவை எப்போது மக்களே?” என்று எங்கள் மகளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அவளும் நாட்காட்டியைப் பார்க்காமலே, “பங்குனி கடைசியில், மாமா,” என்கிறாள்.